டாங்கில் எரிபொருள் இருந்தும் எஞ்சின் நின்றது எப்படி? ஜான் டென்வர் விமான விபத்து

கேள்வி இதுதான்: பாடகர் ஜான் டென்வர் ஓட்டிய சிறிய விமானம் எரிபொருள் இல்லாமல் எஞ்சின் நின்று கடலில் விழுந்தது என்கிறார்கள். இன்னொரு டாங்கில் எரிபொருள் இருந்தது என்றும் சொல்கிறார்கள். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? அனுபவமுள்ள விமானிகள்கூட எரிபொருள் விஷயத்தில் எப்படிக் கோட்டை விடுகிறார்கள்?

இரண்டும் உண்மையாக இருக்க முடியும். விமானத்தில் எரிபொருள் இருப்பது வேறு, அது எஞ்சினுக்குப் போய்ச் சேர்வது வேறு. விபத்து விசாரணையிலும் இவற்றைத் தனித்தனியாகத்தான் பிரிப்பார்கள். எல்லா டாங்கும் காலியாகி எஞ்சின் நின்றால் ஒரு வகை. ஒரு டாங்க் காலி, மற்றதில் மிச்சம் இருக்கிறது, ஆனால் எஞ்சின் காலி டாங்கிலிருந்து இழுத்துக்கொண்டிருக்கிறது என்றால் இன்னொரு வகை. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2017இல் வெளியிட்ட எச்சரிக்கைக் குறிப்பின்படி, எரிபொருளைச் சரியாகக் கவனிக்காததால் அந்த நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 50க்கும் மேற்பட்ட சிறிய விமான விபத்துகள் நடந்தன. அவற்றில் 56 சதவீதம் முழுக்கத் தீர்ந்துபோனவை, 35 சதவீதம் இருந்தும் எஞ்சினுக்குக் கிட்டாதவை. கருவிப் பழுது என்று சொல்லக்கூடியவை 5 சதவீதத்துக்கும் குறைவு. அந்த விமானிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் வணிக உரிமமோ அதற்கும் மேலான உரிமமோ வைத்திருந்தவர்கள். மாணவ விமானிகள் 2 சதவீதம்தான். அனுபவம் இந்தத் தவறிலிருந்து யாரையும் காப்பாற்றுவதில்லை.

டென்வர் விபத்து இரண்டாவது வகை. 1997 அக்டோபர் 12 மாலை, கலிபோர்னியாவின் மான்டரே விமான நிலையத்திலிருந்து தனியாகக் கிளம்பினார். ஓடுதளத்தைத் தொட்டு உடனே எழும்பும் பயிற்சியைச் சில முறை செய்துவிட்டு, கடற்கரை ஓரமாகப் பறந்தார். சுமார் கால் மணி நேரத்தில், பசிபிக் குரோவ் ஊருக்குப் பக்கத்தில், கரையிலிருந்து 150 கெஜம் தள்ளிக் கடலில் விமானம் விழுந்தது. 350 முதல் 500 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எஞ்சின் சத்தம் குறைந்ததையும், ‘பட்’டென்று ஒரு வெடிச்சத்தம் வந்ததையும், விமானம் சற்றே மூக்கைத் தூக்கிச் சாய்ந்து தலைகுப்புற இறங்கியதையும் கரையிலிருந்த பலர் பார்த்திருக்கிறார்கள். அவருக்கு வயது 53. பறந்த அனுபவம் 2,700 மணி நேரத்துக்கும் மேல். லியர்ஜெட் என்ற ஜெட் விமானத்தை ஓட்டத் தகுதி பெற்றவர். ஆனால் இந்த விமானம் அவர் கைக்கு வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அதை ஓட்டப் பழகிக்கொண்டதும் முந்தைய நாள் அரை மணி நேர அளவில்தான்.

விமானம் லாங்-ஈஸி. பர்ட் ருட்டன் வடிவமைத்தது, வரைபடம் வாங்கி வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் வகை. எஞ்சினும் சுழலியும் பின்னால், சிறு இறக்கை முன்னால், பெரிய இறக்கை பின்னால். கட்டுப்பாட்டுத் தடி விமானியின் கால்களுக்கு நடுவே இருக்காது, வலது பக்கச் சுவரோரம் இருக்கும். இறக்கை உடலோடு சேரும் அகன்ற பகுதிக்குள் பக்கத்துக்கு ஒன்றாக 26 கேலன் டாங்குகள், அதாவது தலா 98 லிட்டர். எந்த டாங்கிலிருந்து எடுப்பது என்பதை ஒரு செலக்டர் வால்வு தீர்மானிக்கும். வரைபடத்தில் அந்த வால்வின் கைப்பிடி விமானியின் கால்களுக்கு நடுவே, குனிந்தால் தெரியும் இடத்தில் இருக்கிறது. இந்த விமானத்தைக் கட்டியவர், விமானி உட்காரும் அறைக்குள் எரிபொருள் குழாய் வரக்கூடாது என்று நினைத்து, வால்வைப் பின்பக்கத் தடுப்புக்கு மாற்றிவிட்டார். கைப்பிடி விமானியின் இடது தோளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. எது இடது, எது வலது, எது ‘ஆஃப்’ என்று எந்தக் குறியும் இல்லை. கைப்பிடி திரும்பும் திசையும் டாங்கின் பக்கமும் ஒத்துப்போகவும் இல்லை. குழாயை அறைக்கு வெளியே வைத்தால் தீ ஆபத்து குறையும் என்ற எண்ணத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் தீ அபூர்வம், டாங்க் மாற்றுவதோ ஒவ்வொரு நீண்ட பயணத்திலும் செய்தாக வேண்டிய வேலை.

அந்தக் கைப்பிடியைத் தொட என்ன செய்ய வேண்டும் என்று பாருங்கள். வலது கையைத் தடியிலிருந்து எடுக்க வேண்டும். தோள் பெல்ட்டைத் தளர்த்த வேண்டும். மேல் உடம்பை இடது பக்கம் முழுக்கத் திருப்ப வேண்டும். பிறகு பார்க்காமலே தடவிக் கைப்பிடியைப் பிடித்துத் திருப்ப வேண்டும். பாதுகாப்பு வாரியத்தின் ஆய்வாளர்கள் இன்னொரு லாங்-ஈஸியில் உட்கார்ந்து இதைச் செய்து பார்த்தபோது ஒன்றைக் கவனித்தார்கள். இடது பக்கம் உடம்பைத் திருப்பினால், முட்டுக்கொடுக்க வலது கால் தானாகவே நீள்கிறது. நீளும் கால் போய் அழுத்துவது வலது ரட்டர் பெடலை, அதாவது விமானத்தை வலப்பக்கம் திருப்பும் சுக்கானின் பெடலை. லாங்-ஈஸியில் ரட்டர்கள் இரண்டு இறக்கை நுனிகளிலும் தனித்தனியாக இருக்கும். வலது பெடலை அழுத்தினால் வலது ரட்டர் மட்டும் வெளிப்பக்கம் விரிந்து, விமானம் வலப்பக்கம் திரும்பிச் சாயும். தடியில் கை இல்லை, கண் பின்னால் இருக்கிறது, உயரம் 500 அடி. கரையிலிருந்தவர்கள் பார்த்த காட்சி இதோடு பொருந்துகிறது. வால்வும் நடுவாந்திரமான நிலையில், எந்த டாங்குக்கும் முழுதாகத் திறக்காமல் கிடந்தது.

இதில் மனதை உறுத்துவது, சிக்கல் எல்லாருக்கும் முன்பே தெரிந்திருந்தது என்பதுதான். பெடலுக்குக் கால் எட்டுவதற்காக டென்வர் முதுகுக்குப் பின்னால் கூடுதல் மெத்தை வைத்துக்கொண்டார். அதனால் கைப்பிடி இன்னும் எட்டாமல் போனது. மான்டரேயில் ஒரு தொழில்நுட்பப் பணியாளரோடு இதைப் பேசி, பூட்டுக் குறடு ஒன்றைக் கைப்பிடியில் மாட்டி நீட்டிப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. வேண்டுமானால் விமானத்தைத் தானாக ஓட்டும் கருவியை (ஆட்டோபைலட்) போட்டு விமானத்தை நேராகப் பிடித்துக்கொண்டு டாங்க் மாற்றிக்கொள்வதாக அவர் சொன்னார். எரிபொருள் அளவு காட்டும் கண்ணாடிக் குழாய்கள் பின் இருக்கை ஓரத்தில் இருந்தன, அவற்றிலும் அளவுக்குறி இல்லை. பின்னால் எட்டிப் பார்ப்பதற்கு அந்தப் பணியாளர் பிம்பம் காட்டும் ஒரு சிறு கண்ணாடியைக் கொடுத்தார். ஒரு டாங்கில் பாதிக்கும் குறைவு, மற்றதில் கால் பங்குக்கும் குறைவு என்று கண்மதிப்பாகச் சொன்னார்கள். எரிபொருள் போடவா என்று கேட்டதற்கு, ஒரு மணி நேரம்தான் பறக்கப் போகிறேன், வேண்டாம் என்றார்.

எஞ்சினுக்கு ஒரு மணி நேரத்துக்குத் தேவையான அளவு மொத்தத்தில் இருந்திருக்கலாம், ஆனால் அது ஒரே டாங்கில் இல்லை. நடுவில் ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலையில் அவர் கிளம்பினார். மாற்றுவது கடினம் என்று தரையிலேயே பார்த்த பிறகு கிளம்பினார். இரண்டு டாங்கிலும் பத்துப் பத்துக் கேலன் ஊற்றியிருந்தால் அந்த மாலையில் கைப்பிடியைத் தொட வேண்டிய அவசியமே வந்திருக்காது. 1999இல் வந்த இறுதி அறிக்கை, கைப்பிடியைத் திருப்ப முயன்றபோது கவனம் சிதறி, தெரியாமல் வலது ரட்டரை அழுத்தியதால் கட்டுப்பாடு போனது என்று காரணம் சொன்னது. எரிபொருள் நிரப்பாமல் கிளம்பியதையும் காரணமாகவே சொன்னது. குறியில்லாத கைப்பிடியை எட்டாத இடத்தில் வைத்தது, குறியில்லாத அளவுக் குழாய்கள், போதாத பழக்கம் ஆகியவற்றைத் துணைக் காரணங்களாகச் சேர்த்தது. மது, போதைப்பொருள் எதுவும் உடலில் இல்லை.

இரண்டு டாங்கையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்தால் என்ன என்று பலர் கேட்பதுண்டு. செஸ்னா 172 போன்ற, இறக்கை மேலே இருக்கும் விமானங்களில் எரிபொருள் தன் எடையாலேயே கீழே இறங்கும். அதனால் அவற்றின் செலக்டரில் ‘இரண்டும்’ என்ற நிலை உண்டு, சாதாரணமாக அதிலேயே விட்டுவிடலாம். இறக்கை கீழே இருக்கும் பைப்பர் செரோக்கி வகையில் பம்பு உறிஞ்சித்தான் மேலே ஏற்ற வேண்டும். அங்கே இரண்டையும் சேர்த்துத் திறந்து ஒன்று முதலில் காலியானால், பம்பு மற்ற டாங்கின் எரிபொருளை விட்டுவிட்டுக் காலி டாங்கின் காற்றை உறிஞ்சும். ஸ்ட்ரா போட்டுக் குடிக்கும்போது இன்னொரு ஸ்ட்ராவின் நுனி காற்றில் இருந்தால் நடப்பதுதான் இது. அதனால்தான் அப்படிப்பட்ட விமானங்களில் இடது அல்லது வலது மட்டுமே.

மாற்றும் முறைக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. கடிகாரத்தைப் பார்த்து 30 நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றினால் இரண்டு பக்க எடையும் ஏறக்குறையச் சமமாக இருக்கும், எந்த டாங்கும் வறண்டுபோகும் அளவுக்குப் போகாது. மாற்றும் முன் மின்பம்பை ஆன் செய்ய வேண்டும். கைப்பிடியைப் பார்த்துத் திருப்பி, அது பள்ளத்தில் ‘க்ளிக்’ என்று உட்காருவதை விரலால் உணர வேண்டும். எரிபொருள் அழுத்தமானியை ஒரு நிமிடமாவது கவனித்த பிறகு பம்பை அணைக்கலாம். இதை உயரத்தில், கீழே இறங்க ஏதாவது ஓர் இடம் எட்டும் தூரத்தில் இருக்கும்போது செய்ய வேண்டும். ஓடுதளத்தை நெருங்கித் தாழ்வாகச் சுற்றும்போது டாங்க் மாற்றுவது தப்பான நேரம், இறங்கத் தொடங்கும் முன்பே நிறைந்த டாங்குக்கு மாறியிருக்க வேண்டும். கிளம்பும் முன்பும் இதே கதைதான். தரையில் ஓட்டி, எஞ்சின் சோதனை செய்து, எந்த டாங்கில் எல்லாம் ஒழுங்காக ஓடியதோ அதே டாங்கிலேயே மேலே ஏற வேண்டும். ஓடுதளத்தின் நுனியில் நின்றுகொண்டு கடைசியாக ஒரு முறை மாற்றினால், தவறான நிலையிலும் கார்புரேட்டர் கிண்ணத்திலும் குழாயிலும் மிச்சமிருக்கும் எரிபொருளில் எஞ்சின் சற்று நேரம் நன்றாகவே ஓடும். அது தீரும்போது விமானம் ஓடுதளத்தைத் தாண்டி இரண்டு, மூன்று நூறு அடியில் இருக்கும்.

இனி முதல் வகை, முழுக்கத் தீர்ந்துபோவது. இதற்குக் காரணம் பெரும்பாலும் கணக்கு. செஸ்னா 172என் மாதிரியில் டாங்குகளில் 43 கேலன் கொள்ளும், பயன்படுத்த முடிவது 40. மீதி 3 கேலன் டாங்கின் மூலைகளில் தங்கிவிடும், அது எஞ்சினுக்கு வரும் என்று நம்பக் கூடாது. மணிக்கு 8.5 கேலன் என்று வைத்தால் காகிதத்தில் 4 மணி 40 நிமிடம் பறக்கலாம். ஆனால் அந்த 8.5 என்ற கணக்கு, உயரத்துக்கு ஏற்றபடி எரிபொருள்-காற்றுக் கலவையை மெலித்து ஓட்டினால்தான். மெலிக்காமல் விட்டால் 10ஐத் தாண்டும், அரை மணி நேரத்துக்கும் மேல் காணாமல் போகும். அடுத்தது எதிர்காற்று. 110 நாட், அதாவது மணிக்கு 110 கடல் மைல் வேகத்தில் 300 கடல் மைல் போக 2 மணி 44 நிமிடம். 25 நாட் எதிர்காற்று அடித்தால் தரை வேகம் 85 ஆகி 3 மணி 32 நிமிடம். கூடுதலாக எரிவது கிட்டத்தட்ட 7 கேலன். காற்று முன்னறிவிப்பை விடப் பலமாக அடிக்கிறது என்று பாதி வழியில் தெரிந்தும், ‘எப்படியும் போய்விடலாம்’ என்று தொடர்பவர்கள்தான் விழுகிறார்கள். வழியில் இறங்கி நிரப்பிக்கொண்டு போவதற்கு முக்கால் மணி நேரம்கூட ஆகாது.

டாங்கை நிரப்பாமல் கிளம்புவதற்கு இன்னொரு காரணம் எடை. விமானப் பெட்ரோல் கேலனுக்கு 6 பவுண்டு, லிட்டருக்குச் சுமார் 0.72 கிலோ. 40 கேலன் என்றால் 109 கிலோ. நான்கு பெரியவர்கள் ஏறினால் 172இல் டாங்கை நிரப்ப முடியாது. அப்போது டாங்கில் எவ்வளவு இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரிந்தே ஆக வேண்டும். ஆனால் அளக்க நம்பியிருப்பதோ ஆடிக்கொண்டே இருக்கும் ஒரு முள்ளை.

சிறிய விமானங்களின் எரிபொருள் முள் காலியாக இருக்கும்போது மட்டும் சரியாகக் காட்டினால் போதும் என்பதுதான் சட்டம் என்று விமானிகளே சொல்லிக்கொள்வார்கள். அது தவறான புரிதல். பயன்படுத்த முடியாத மிச்சம் மட்டுமே இருக்கும்போது முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் விதி. பாதியைப் பாதி என்று காட்டத் தேவையில்லை என்று அது சொல்லவில்லை. ஆனாலும் பழைய விமானங்களில் டாங்குக்குள் இருக்கும் மிதவை, மின்தடைச் சுருள் எல்லாம் தேய்ந்து முள் நம்பமுடியாததாகிவிடுவது உண்மை. அதனால் கிளம்பும் முன் இறக்கை மேல் ஏறி மூடியைத் திறந்து அளவுக்குச்சியை விட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அந்தக் குச்சி அதே மாதிரி விமானத்துக்கு உரியதாக இருக்க வேண்டும், விமானம் சமதரையில் நிற்க வேண்டும். சரிவில் நின்றால் ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் காட்டும். மூடியை மீண்டும் பூட்டும்போது ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா, மூடி ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். இறக்கையின் மேல்பரப்பில் காற்றழுத்தம் குறைவு என்பதால், தளர்ந்த மூடி வழியாகப் பறக்கும்போதே எரிபொருள் உறிஞ்சி வெளியேற்றப்படும். சில சமயம் இறக்கை மேல் நீலச் சாயக் கோடு ஒன்றுதான் அதற்கு அடையாளமாக மிஞ்சும், ஏனென்றால் இந்தப் பெட்ரோலுக்கு நீலச் சாயம் சேர்த்திருப்பார்கள்.

அமெரிக்க விதிப்படி, கண்ணால் பார்த்து ஓட்டும் பயணத்தில், போய்ச் சேரும் இடத்தை அடைந்த பிறகு பகலில் 30 நிமிடம், இரவில் 45 நிமிடம் பறக்கும் எரிபொருளோடு கிளம்ப வேண்டும். 30 நிமிடம் என்பது 172இல் 4 கேலன் சொச்சம். இரண்டு டாங்கிலும் பங்கிட்டால் பக்கத்துக்கு 2 கேலன். அந்த அளவில் முள் பூஜ்யத்தைத் தொட்டுத் தொட்டு ஆடும். சாய்ந்து திரும்பும்போதோ பக்கவாட்டில் சறுக்கி இறங்கும்போதோ எரிபொருள் ஓரமாக ஒதுங்கி, குழாயின் வாய் காற்றில் திறந்துவிடவும் கூடும். சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக அந்த அளவுக்கு இறக்கக் கூடாது. இறங்கி நிற்கும்போது ஒரு மணி நேரத்துக்கு உரியது டாங்கில் இருக்க வேண்டும் என்பதையே சொந்த விதியாக வைத்துக்கொள்ளலாம். இதைக் கடைப்பிடித்தாலே முதல் வகை விபத்துகளில் பெரும்பாலானவை நடக்காது.

அதையும் மீறி எஞ்சின் நின்றால் வரிசை முக்கியம். முதலில் வேகம். மூக்கைத் தாழ்த்தி, அந்த விமானத்துக்குரிய சறுக்கு வேகத்தைப் பிடிக்க வேண்டும், 172க்கு அது சுமார் 65 நாட். இறங்கும் இடத்தை நோக்கித் திருப்பிக்கொண்ட பிறகுதான் கை செலக்டருக்குப் போக வேண்டும்: மற்ற டாங்க், மின்பம்பு ஆன், கலவை முழுச் செறிவு, கார்புரேட்டரைச் சூடாக்கும் விசை ஆன். வறண்ட குழாயில் எரிபொருள் மீண்டும் நிறையச் சில வினாடிகள் பிடிக்கும், நேரடியாக எரிபொருள் பீய்ச்சும் வகை எஞ்சினில் இன்னும் கூடுதலாக. 3,000 அடியில் இதற்கெல்லாம் நான்கு நிமிடம் கிடைக்கும். 500 அடியில் முக்கால் நிமிடம்கூடக் கிடைக்காது. அங்கே டாங்க் மாற்றும் முயற்சி ஒரே ஒரு தடவைதான், அதுவும் கை தானாகப் போய்த் தொடும் இடத்தில் கைப்பிடி இருந்தால் மட்டும். இல்லையென்றால் அதை மறந்துவிட்டு, இறக்கைகளைச் சமமாக வைத்து, கட்டுப்பாட்டோடு நேராக முன்னால் இறங்குவதே உயிர் பிழைக்கும் வழி. தண்ணீரானாலும் அப்படித்தான். டென்வரின் விமானம் எஞ்சின் இல்லாமலும் நன்றாகச் சறுக்கக்கூடியது.

வானொலியில் சொல்லும் விதத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘மினிமம் ஃப்யூயல்’ என்றால் இனித் தாமதம் தாங்காது என்ற தகவல் மட்டுமே, முன்னுரிமை கிடைக்காது. ‘மேடே ஃப்யூயல்’ என்றால்தான் அவசரநிலை. பெரிய விமானம் என்றாலும் 1990 ஜனவரி 25 விபத்து இதற்குச் சரியான உதாரணம். நியூயார்க் வானில் நெடுநேரம் காத்திருக்க வைக்கப்பட்ட, கொலம்பிய நிறுவனமான ஏவியான்காவின் 52ஆம் எண் விமானம், எரிபொருள் தீர்கிறது என்று சொன்னது, அவசரநிலை என்ற சொல்லைச் சொல்லவே இல்லை. லாங் ஐலண்டின் கோவ் நெக் பகுதியில் விழுந்து 73 பேர் இறந்தார்கள்.

கடைசியாக, பழைய, வீட்டில் கட்டிய விமானத்தை வாங்குகிறவர்களுக்கு. வரைபடத்தையும் விமானத்தையும் பக்கத்தில் வைத்து, எரிபொருள் குழாய் எங்கே மாறியிருக்கிறது என்று பாருங்கள். தோள் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, உங்கள் மெத்தையோடு உட்கார்ந்து, கண்ணை மூடி, தடியிலிருந்து கை எடுக்காமல் செலக்டரைத் திருப்ப முடிகிறதா என்று தரையிலேயே சோதியுங்கள். முடியவில்லையென்றால் கைப்பிடியை இடம் மாற்றும் வரை அந்த விமானத்தில் ஏறாதீர்கள். ‘இடது’, ‘வலது’, ‘ஆஃப்’ என்று எழுத்து இருக்க வேண்டும், கைப்பிடி காட்டும் பக்கமே டாங்கின் பக்கமாக இருக்க வேண்டும். பிறகு டாங்குகளை முழுக்க வடித்து, விமானத்தைப் பறக்கும் நிலையில் சமமாக நிறுத்தி, 2 கேலன், 2 கேலனாக ஊற்றி ஒவ்வொரு தடவையும் அளவுக் குழாயில் கோடு போடுங்கள். லாங்-ஈஸியை ஆள் இல்லாமல் நிறுத்தும்போது முன்சக்கரத்தை மடக்கி மூக்கைத் தரையில் சாய்த்து வைப்பார்கள். அந்த நிலையில் குழாய் காட்டும் மட்டம் வேறு. அதற்கு வேறு நிறத்தில் இன்னொரு வரிசைக் கோடு வேண்டும். டாங்க் மேலிருந்து கீழ் வரை ஒரே அகலம் இல்லாததால் கோடுகள் சம இடைவெளியில் வராது, கால் பங்கு என்று கண்ணுக்குத் தெரியும் மட்டத்தில் கால் பங்கு எரிபொருள் இருக்காது.